பதினேழு அடி

உங்க வீட்டை ஒட்டி ஒரு காலி இடம் இருக்குன்னு வைங்க. பெரிசா ஒண்ணும் இல்ல. 16 அடி அகலம், 20 அடி நீளம். அதுல நிழலுக்கு ஒரு மரம் வைப்பீங்களா, இல்ல பார்க்க அழகா இருக்கற புல் வைப்பீங்களா?

இந்தக் கேள்விக்கு நான் எட்டு ஸ்லைடுல ஒரு பவர்பாயிண்ட்டே பண்ணியிருக்கேன். முடிவு: புல். ஹால்ல டிவியில போட்டுக் காட்டி, அப்பாவைக் கைதட்ட வெச்சு, நட்டும் முடிச்சேன். அது எங்க தப்பாப் போச்சுன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். சிவில் படிக்கறவங்க கொஞ்சம் கூடுதலாச் சிரிக்கலாம்.

எங்க வீடு காங்கயத்துல. வீட்டுக்கு மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரம் இருந்துச்சு. நான் ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப எங்க அப்பாரு தவறிட்டார். தோட்டத்துல அப்பத்தாவைத் தனியா விட முடியாதுன்னு டவுனுக்குக் கூட்டிட்டு வந்தோம். அவங்களுக்கு ஒரு ரூம் சேர்த்துக் கட்டணும். "நீ சிவில்தான படிக்கற அம்மிணி, நீயே ஒரு பிளான் போடு"ன்னு அப்பா சொன்னார். ஆட்டோகேட் கத்துக்கிட்டு ரெண்டு மாசம் ஆன நேரம் அது. பார்க்கறதையெல்லாம் வரைஞ்சு தள்ளிட்டிருந்தேன். பிளான்ல வேப்பமரம் ஒரு வட்டம், அவ்வளவுதான். ரூம் வர்ற இடத்துல குறுக்க நின்னுச்சு. செலக்ட் பண்ணி டெலீட் தட்டினேன். நிஜ மரத்தை எடுக்க ரெண்டு ஆளுக்கு ஒரு பகல் முழுக்க ஆச்சு. நான் அன்னைக்கு ஹாஸ்டல்ல இருந்தேன்.

ரூம் நல்லாவே வந்துச்சு. பத்தடி உயரம், ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், அட்டாச்டு பாத்ரூம், மேற்க பார்த்த பெரிய ஜன்னல், அதுக்கு மேல ரெண்டடி சன்ஷேடு. அப்பத்தாவுக்குக் காத்து வரணுமேன்னு ஜன்னலை மேற்க வெச்சது நான்தான். கட்டடத்துக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம்னு பாடம் வந்தது அதுக்கு அடுத்த செமஸ்டர்ல. அந்தப் பாடத்தைப் படிச்சப்பகூட எங்க வீடு எனக்கு ஞாபகம் வரல. பரீட்சைக்குப் படிக்கறதுக்கு அவ்வளவுதான் வலு.

இப்ப புல் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். மூணாவது வருஷம் இண்டர்ன்ஷிப்புக்குச் சென்னை போயிருந்தேன். ஓஎம்ஆர்ல ஒரு ஐ.டி. வளாகம். நடைபாதையோட ரெண்டு பக்கமும் செம்பழுப்பு நிறத்துல இடுப்பளவுப் புல். ஒவ்வொரு கொத்துல இருந்தும் நரி வால் மாதிரி பூங்கதிர் வளைஞ்சு தொங்கும். சாயங்காலக் காத்துல அது மொத்தமா ஒரே பக்கம் சாய்ஞ்சு எழும்போது நின்னு பார்க்காதவங்க யாரும் இல்ல. ஃபவுண்டன் கிராஸ்னு பேரு. ஒரு மாசம் அதுதான் என் போன் வால்பேப்பர்.

ஸ்லைடுல நான் சொன்னதுல பொய் எதுவும் கிடையாது. புல் மூணு மாசத்துல வளர்ந்து நிக்கும். வேர் செப்டிக் டேங்கை உடைக்காது. ஒருதடவை பிடிச்சுட்டா தண்ணி அதிகம் கேக்காது. வருஷத்துக்கு ஒருமுறை அடியோட வெட்டி விட்டாப் போதும், மறுபடி துளிர்க்கும். முக்கியமா இலை கொட்டாது. வேப்பிலை கூட்டிக் கூட்டி அலுத்துப்போன எங்க அம்மா இந்த ஸ்லைடுல நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. கடைசி ஸ்லைடுல நான் எழுதினது இது: "மரம் வளர அஞ்சு வருஷம். அப்பத்தாவுக்கு வயசு 81. புல்லை அவங்க இந்த வருஷமே பார்க்கலாம்." அன்னைக்கு அது எனக்கு ரொம்பப் பாசமான வாக்கியமாத் தெரிஞ்சுது.

பொங்கல் லீவுல நட்டோம். பங்குனி வர்றதுக்குள்ள கதிர் தள்ளிடுச்சு. உண்மையைச் சொன்னா, அழகாத்தான் இருந்துச்சு. எதிர்வீட்டு அக்கா வந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சாங்க. அப்பத்தா ஜன்னல் வழியா ரெண்டு நாள் பார்த்துட்டு மூணாவது நாள் வெளிய வந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில தேய்ச்சாங்க. ஊதிப் பார்த்தாங்க. "ஏனம்மிணி, கம்பு மாதிரியே இருக்குது. ஒரு மணிகூடப் புடிக்கலியே?"

நான் சிரிச்சேன். அப்புறம் ராத்திரி தேடிப் பார்த்தா அப்பத்தா சொன்னதுதான் சரி. ஃபவுண்டன் கிராஸும் நம்ம கம்பும் சொந்தக்காரங்க. ரெண்டுக்கும் ரொம்ப காலம் பென்னிசெட்டம்ங்கற ஒரே பேரினப் பேருதான் இருந்துச்சு. இப்ப தாவரவியல்காரங்க ரெண்டையும் சேர்த்து சென்க்ரஸ்ங்கற பேரினத்துக்கு மாத்தியிருக்காங்க. அதே சென்க்ரஸ்லதான் எங்க பக்கத்துக் கொழுக்கட்டைப் புல்லும் வருது. காங்கயம் மாட்டை வளர்த்த புல் அது. ஆக, நான் சென்னையில பார்த்து மயங்கி, காசு கொடுத்து வாங்கிட்டு வந்தது, அப்பத்தா வாழ்நாள் பூரா அறுத்தும் மேய்ச்சும் பழகின குடும்பத்துல ஒரு மேக்கப் போட்ட பொண்ணு. செந்நிற ரகம் பெரும்பாலும் மலடு, விதை வைக்காது. அதனாலதான் மணி புடிக்கல. அது ஒரு வகையில நல்லதும்கூட. விதை வைக்கற பச்சை ரகம் ஆப்பிரிக்காவுல இருந்து ஹவாய்த் தீவுகளுக்கு அழகுக்காகப் போய், காட்டுக்குள்ள பரவி, காய்ஞ்சு நின்னு தீ பிடிக்கறதுக்கு வழி பண்ணி, அங்க பெரிய தலைவலியா இருக்கு. நர்சரியில வாங்கும்போது எந்த ரகம்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

இது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

மே மாசம் செமஸ்டர் முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். அத்தை குடும்பம் வந்திருந்ததால என் ரூம் அவங்களுக்குப் போயிடுச்சு. நான் அப்பத்தா ரூம்ல படுத்தேன். பத்தரை மணி இருக்கும், கரண்ட் போச்சு. நான் புரண்டு படுக்கும்போது கை சுவத்துல பட்டுது. இப்பதான் இறக்கி வெச்ச தோசைக்கல்லுன்னு சொன்னா மிகை. ஆனா ராத்திரி பத்தரைக்கு ஒரு சுவர் இருக்க வேண்டிய சூடு அது இல்ல. திரும்பிப் பார்த்தா அப்பத்தா எழுந்து, சத்தம் போடாம, கயித்துக் கட்டிலைத் தூக்கி நிமிர்த்திட்டிருந்தாங்க. முன்வாசலுக்குக் கொண்டு போகறதுக்கு. பார்த்தா, அது பழகின கை. கதவுல எங்க இடிக்கும், எந்தப் பக்கம் சாய்ச்சா வெளிய போகும்னு இருட்டுல தெரிஞ்சு வெச்சிருந்தாங்க.

"எத்தனை நாளா இப்படி?"

"வெயில் காலத்துல மட்டுந்தான் அம்மிணி. கொசு இருந்தா உள்ளயே படுத்துக்குவேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்றதுக்கு என்ன இருக்குது. நீ போட்ட ரூமு. நல்லாத்தான இருக்குது."

அதுக்கு மேல நான் கேக்கல. கட்டிலோட இன்னொரு முனையைப் பிடிச்சேன்.

செங்கல் சுவர் வெயிலை உடனே உள்ள விடாது. வாங்கி வெச்சுக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு வெளிப்பக்கம் வாங்கின சூடு மெதுவா நகர்ந்து ராத்திரி பத்து, பதினொண்ணுக்குத்தான் உள்பக்கம் வந்து சேரும். கிழக்குச் சுவரா இருந்தா காலை வெயில் மத்தியானம் உள்ள வரும், நாம வெளிய இருப்போம், பரவாயில்ல. மேற்குச் சுவர் சரியாத் தூங்கப் போற நேரத்துக்குக் கொண்டு வந்து கொடுக்கும். சன்ஷேடு இருக்கேன்னு கேப்பீங்க. நானும் அப்படி நினைச்சுத்தான் வெச்சேன். காங்கயம் பூமத்திய ரேகைக்கு வடக்க சுமார் 11 டிகிரி. ஏப்ரல் மூணாவது வாரத்துல மத்தியானம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். சாயங்காலம் நாலு, நாலேகால் வாக்குல மேற்க கிட்டத்தட்ட 30 டிகிரி உயரத்துக்கு இறங்கிடும், அதுவும் சுவருக்கு நேர் எதிர்ல. 30 டிகிரியில வர்ற வெயிலுக்கு ரெண்டடி சன்ஷேடு எவ்வளவு நிழல் போடும்? ரெண்டை டேன் 30-ஆல பெருக்கிப் பாருங்க. ஒன்றேகால் அடிகூட இல்ல. ஜன்னலோட நெத்தி மட்டும் நனையாம இருக்கும், மீதி உடம்பு முழுக்க வெயில்ல.

விடிஞ்சதும் டேப்பை எடுத்துக்கிட்டு வெளிய போனேன். என் புல் மூணடி உயரம். அதே 30 டிகிரியில அதோட நிழல் தரையில அஞ்சடி நீளம் விழும். சுவர் 12 அடி தள்ளி இருக்கு. சுவர்கிட்டயே கொண்டு வந்து நட்டாலும் மூணடிக்கு மேல ஏறாது. புல்லால ஒண்ணுமே பிரயோஜனம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்த இடம் சிமெண்ட் தளமா இருந்திருந்தா அதோட சூடும் சேர்ந்து சுவத்துல அடிச்சிருக்கும். ஆனா சுவத்துக்குத் தேவை நிழல். அதே 12 அடி தூரத்துல ஒரு மரம் நின்னா, அதோட இலை ஏழடி உயரத்துல தொடங்கி பதினேழு அடி வரைக்கும் இருந்தா, பத்தடிச் சுவரும் முழுசா நிழலுக்குள்ள வந்துடும். பழைய வேப்பமரம் அதைத்தான் பண்ணிட்டிருந்திருக்கு. பிளான்ல வட்டத்துக்கு உயரம் கிடையாது. அதனால எனக்குத் தெரியல.

ஏசி போட்டா முடிஞ்சுதுன்னு நீங்க சொல்லலாம். அப்பத்தாவுக்கு ஏசி ரூம்ல அரை மணி நேரம் உட்கார்ந்தா முட்டி பிடிச்சுக்கும். அதைவிட, கதவைச் சாத்திட்டு உட்கார்ற பழக்கமே அவங்களுக்குக் கிடையாது. வாசல்ல யார் போறாங்கன்னு தெரியணும்.

மரம்னு நான் சொன்னதும் அப்பா மறுபடி வேர் கதையை எடுத்தார். என் ஸ்லைடையே எனக்குத் திருப்பிக் காட்டினார். அவர் பயத்துலயும் நியாயம் இருக்கு, ஆனா மண்ணைப் பார்க்கணும். கரிசல் மண்ணுன்னா நானே வேண்டாம்னு சொல்லுவேன். அந்த மண் ஈரத்துல உப்பும், காய்ஞ்சா சுருங்கும். மரம் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச அஸ்திவாரத்துக்கு அடியில மண் சுருங்கி சுவர் விரிசல் விடலாம். எங்களுது சரளை கலந்த செம்மண். அந்தச் சுருக்கம் இங்க பெரிசா இல்ல. மரமும் ஆலோ அரசோ கிடையாது, புங்கன். செப்டிக் டேங்க் வீட்டுக்கு மறுபக்கம். இதையெல்லாம் சொல்லி முடிச்சப்ப அப்பா கேட்டார், "இலை யாரு கூட்டறது?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. புங்கன் இலை கொட்டத்தான் செய்யும். மாசி வாக்குல மொத்தமாக் கொட்டிட்டு, கோடை உச்சிக்குப் போறதுக்குள்ள புது இலையோட பளபளன்னு வந்து நிக்கும். சரியா நமக்கு நிழல் வேணுங்கற நேரத்துக்கு. அதே இலையில பூச்சி வெச்ச கொப்புளம் நிறைய வரும், காய் விழும், பூ விழுந்து தரையெல்லாம் அரிசி கொட்டின மாதிரி கிடக்கும். அழகுப் போட்டி வெச்சா என் புல்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்ல.

அப்பத்தாகிட்ட சொன்னேன். அவங்க முதல்ல கேட்டதே நான் பயந்த கேள்விதான்.

"பதினேழு அடிக்கு எத்தன வருசம் ஆகும்?"

"நல்லாத் தண்ணி விட்டா நாலு, அஞ்சு..."

கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாங்க. விரல்ல ஏதோ எண்ணின மாதிரி இருந்துச்சு. என் கடைசி ஸ்லைடு ஞாபகம் வந்து எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. நல்லவேளை, அந்த ஸ்லைடு ஓடுனப்ப அவங்க சமையல்கட்டுல இருந்தாங்க.

"வெச்சுப்போடு. அது வர்ற வரைக்கும் ரெண்டு தடுக்கு வாங்கி சுவத்துக்கு வெளிய கட்டிப்போட்டா ஆச்சு."

எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. தடுக்குன்னா தென்னை ஓலை முடைஞ்சது, உங்க ஊர்ல கீத்துன்னு சொல்வீங்க. காங்கயத்துல எங்க திரும்பினாலும் தேங்காய்க் களம்தான், தடுக்குக்குப் பஞ்சமா? சுவத்தோட ஒட்டாம அரையடி தள்ளி மூங்கில் நட்டு, அதுல தடுக்கை வரிசையாக் கட்டினோம். நடுவுல காத்து ஏறி இறங்க இடம் இருக்கறதால ஓலை வாங்கின சூடு சுவத்துக்குப் போறதில்ல. கண்ணாடிக் கட்டடங்களுக்கு வெளிய ரெண்டாவது தோல்னு ஒண்ணு மாட்டறாங்களே, அதே தத்துவம்தான். அன்னைக்கு ராத்திரி பத்தரைக்கு வேணும்னே எழுந்து சுவத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லுன்னு இல்ல. ஆனா கையை அப்படியே வெச்சிருக்க முடிஞ்சுது. அப்பத்தா கட்டில் உள்ளயே இருந்துச்சு.

ஐப்பசி மழைக்கு புங்கன் நட்டோம். நர்சரியில இருந்ததுலயே உயரமான கன்னைத்தான் நான் எடுத்தேன், ஆறடி. அப்பத்தா பையைப் பிதுக்கிப் பார்த்துட்டு வேண்டாம்னாங்க. பைக்குள்ள ரொம்ப நாள் இருந்த கன்னுக்கு வேர் சுருட்டிக்கிட்டு வட்டமாவே சுத்தும், மண்ணுல விட்டாலும் அந்தப் பழக்கம் போகாதாம். முழங்கால் உயரக் கன்னை எடுத்தோம். நாலரை அடி இழந்தது எனக்கு வயித்தெரிச்சல்தான், அது ஒரு வருஷக் கணக்கு. ஆனா அவங்க சொன்னது சரி. சுருண்ட வேர் பின்னாடி தண்டையே நெரிக்கும்.

குழி தோண்டும்போது புல்லை மொத்தமாப் பிடுங்கிடலாம்னு மம்முட்டியோட நின்னேன். என் தப்போட அடையாளம் இல்லையா, கண்ணு முன்னாடி வேண்டாம்னு இருந்துச்சு. அப்பத்தா திட்டினாங்க. "அது என்ன பண்ணுச்சு உன்ன? கொறங்காட்டுல வெள்வேலாமரத்துக்கு அடியில புல்லு இல்லாமயா கெடந்துது?"

கொறங்காடுன்னா வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. எங்க காங்கயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் காடு. காடுன்னா அடர்ந்த காடு இல்ல, மழை குறைஞ்ச மானாவாரி நிலம். சுத்தி கிளுவை வேலி. உள்ள முழுக்கக் கொழுக்கட்டைப் புல், அங்கங்க தள்ளித் தள்ளி வெள்வேலாமரம். மாடு புல்லை மேயும், வெயிலுக்கு மரத்தடிக்குப் போகும், மரத்துக் காய் விழுந்தா அதையும் திங்கும். புல்லோட குருத்து மண்ணை ஒட்டி இருக்கறதால எத்தனை தடவை கடிச்சாலும் மழை பேஞ்சா மறுபடி வந்துடும். அப்பத்தா அறுபது வருஷம் பார்த்த நிலம் அது. நான் 16-க்கு 20 அடி இடத்தை வெச்சுக்கிட்டு ரெண்டுல ஒண்ணுன்னு பவர்பாயிண்ட் போட்டிருக்கேன்.

ஆனா ஒரு விஷயத்துல நான் விட்டுக்கொடுக்கல. சின்னக் கன்னுக்குப் பக்கத்துல புல் இருந்தா தண்ணியையெல்லாம் புல்லே குடிச்சிடும், வேர் அதுக்கு அவ்வளவு அடர்த்தி. அதனால கன்னைச் சுத்தி மூணடிக்கு இருந்த நாலு கொத்தை மட்டும் எடுத்து காம்பவுண்டு ஓரமா மாத்தி நட்டேன். அந்த இடத்துல தேங்காய் நார் மூடாக்கு.

இந்த இடத்துல ஒரு சின்னக் கிளைக்கதை. புல்லுக்கும் மரத்துக்கும் என்ன வித்தியாசம்னு தொல்காப்பியத்துல மரபியல்ல சொல்லியிருக்கு, தெரியுமா? வெளிப்பக்கம் வைரம் பாய்ஞ்சது புல், உள்பக்கம் வைரம் பாய்ஞ்சது மரம். அந்தக் கணக்குல மூங்கில், தென்னை, பனை எல்லாமே புல். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு இது போன வருஷம்தான் தெரியும், அதுவும் இந்த இதழோட முந்தைய ஆசிரியர் அக்கா சொல்லித்தான். வளைவைத் தாங்கறதுக்கு பலமான பொருளை மையத்தை விட்டு வெளிய தள்ளி வைக்கணும்னு ரெண்டாவது வருஷம் படிச்சோமே, மூங்கில் அதைத்தான் பண்ணுது. இப்ப கணக்குப் போட்டா எங்க அப்பத்தா சுவத்தை ஒரு வருஷமாக் காப்பாத்தறது மூங்கிலும் தென்னை ஓலையும். அதாவது, தொல்காப்பியர்கிட்ட கேட்டா, புல்!

உங்களுக்கும் இப்படி ஒரு இடம் இருந்தா முதல்ல திசையைப் பாருங்க. மேற்குச் சுவருக்கு எதிர்ல மண்ணு கிடைச்சா அதை வேற எதுக்கும் விட்டுடாதீங்க. அதுவே ரெண்டடி அகலச் சந்தா இருந்தாலோ, மேல கரண்ட் கம்பி போனாலோ, அடியில செப்டிக் டேங்க் இருந்தாலோ மரத்தை வெச்சுட்டுப் பின்னாடி வருஷா வருஷம் வெட்டி அதைக் கொடுமைப்படுத்தாம, தைரியமாப் புல் வைங்க. வாடகை வீடுன்னாலும் அப்படித்தான். கொத்தைப் பிடுங்கிச் சாக்குல கட்டி அடுத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்.

ஜூன்ல நான் வேலைக்குப் போறேன், புனே. தண்ணி யார் விடுவாங்கன்னு கேட்டதுக்கு அப்பா ஒரு டிரிப் பைப் போட்டுக் கொடுத்திருக்கார். அப்பத்தாவுக்கு அதுல நம்பிக்கை இல்ல. சொட்டுச் சொட்டா விட்டா அதுக்குத் தாகம் எப்படித் தீரும்னு அரிசி களைஞ்ச தண்ணியைத் தனியா ஊத்தறாங்க. போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல கேமராவைத் திருப்பத் தெரியாம அஞ்சு நிமிஷம் ஆகாசத்தைக் காட்டிட்டு, அப்புறம் கன்னுகிட்டப் போய் நின்னாங்க. "என்ற இடுப்புக்கு வந்துருச்சு பாரு." அப்பத்தா இடுப்புன்னா மூணடி இருக்கும். இன்னும் பதினாலு.

தடுக்கு ஒரு வருஷத்துக்கு மேல தாங்காது. மேல் வரிசை இப்பவே உதிர ஆரம்பிச்சிருச்சாம். வர்ற சனிக்கிழமை ஊருக்குப் போறேன், களத்துல இருபது தடுக்கு சொல்லி வெச்சிருக்கு.